நான்கு சட்டையோடு மலைக்குப் போகிறவனுக்கு

தம்பி,

நீ வேலைக்குப் போய்விட்டாய். உன்னுடைய சாமான்களெல்லாம் முன்னறை நிலத்தில் பரவிக் கிடக்கின்றன. தேநீர்க் கோப்பையோடு அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, இனி நடந்து பயனில்லை என்று கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வாயால் சொன்னால் நீ கேட்கமாட்டாய். நான் வாயைத் திறக்கும் முன்பே "ஐ நோ அம்மா" என்பாய். எழுதினால் வாசித்து முடியும்வரை உன்னால் குறுக்கே கதைக்க முடியாது. அந்த ஒரு வசதிக்காகத்தான் இந்தக் கடிதம். வாசித்த பிறகு யாருக்குக் காட்டினாலும் எனக்குக் கோபமில்லை. பிள்ளையை மலைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிற தாய்மார் வேறும் இருப்பார்கள்.

முதலில் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். செப்டெம்பர் பிறந்ததும் வால்ஹல்லா என்ற ஊரில் தொடங்கி மலைமேலேயே வாரக்கணக்கில் நடக்கப் போகிறாய், அதுவும் தனியாக. இங்கே மெல்பேர்னில், நோபல் பார்க்கில், பின்வளவு வாட்டில் மரம் மஞ்சளாய்ப் பூத்துக் கொட்டுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கையில்லாத சட்டையோடு சைக்கிள் ஓடுகிறார்கள். வசந்தம் வந்த செய்தி மலைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. நேற்று உச்சியின் படத்தைக் காட்டினாய். மரங்களெல்லாம் முழங்கால் அளவு ஸ்னோவுக்குள் நிற்கின்றன. "வடிவா இருக்கு என்ன?" என்று கேட்டாய். ஓம் என்றேன். எனக்கு அதில் ஒரு வடிவும் தெரியவில்லை. காலையில் வெயில், மத்தியானம் மழை, பின்னேரம் ஸ்னோ, எல்லாம் ஒரே நாளில் வரும் என்று நீயே சொன்னாய், சாப்பாட்டுக் கடையில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று சொல்பவனைப்போல.

உன் உடுப்பைப் பார்த்த பிறகு பயம் இரட்டிப்பாகிவிட்டது. வாரக்கணக்கில் போகிறவனுக்கு மேலுக்குப் போட நாலே நாலு சட்டை. தோலோடு ஒட்டுவதற்கு மெல்லிய கம்பளிச் சட்டை, அதன்மேல் பஞ்சுபோன்ற பிளீஸ் சட்டை, அதன்மேல் வாத்து இறகு அடைத்த ஜக்கெற், எல்லாவற்றுக்கும் மேலே மழை ஜக்கெற். படுக்கும்போது போட மட்டும் ஒரு சோடி உடுப்பு, தண்ணீர் புகாத பைக்குள் சுருட்டி வைத்திருக்கிறாய். அவ்வளவுதான். ஒருநாள் கலியாண வீட்டுக்கே நான் இதைவிடக் கூடக் கொண்டுபோவேன். எல்லாவற்றையும் என்னுடைய குசினித் தராசில் வைத்து நிறுத்தாய். பல்துலக்கியின் பிடியைக்கூட வெட்டி எறிந்துவிட்டாய். பாரம் கூடினால் நடை மெதுவாகும், நடை மெதுவானால் கூடாரம் போட முன்னம் இருட்டிவிடும் என்று விளக்கம் வேறு. சரி என்று தலையாட்டினேன். நீ குளிக்கப் போன நேரம் பார்த்து அப்பாவின் தடித்த சுவெற்றரைப் பையின் அடியில் செருகினேன். பை கர்ப்பிணி மாதிரிப் புடைத்துக்கொண்டு நின்றது. அப்பா கண்டுவிட்டார். "வெளியில எடும். அவன் எல்லாம் நிறுத்து வைச்சிருக்கிறான்," என்றார். எடுத்தேன். எடுத்து மடித்து அலுமாரியில் வைத்தேன்.

பெனியன் கதையையும் இந்த இடத்திலேயே முடித்துவிடுவோம். டண்டினோங் சந்தையில் உனக்கென்று வாங்கிவந்த வெள்ளைக் கொட்டன் பெனியன்களில் ஒன்றைக்கூட நீ எடுக்கவில்லை. "கொட்டன் வேண்டாம் அம்மா. வேர்வையைக் குடிச்சிட்டுக் காயாது," என்று திருப்பித் தந்தாய். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆட்களுக்குப் பெனியன் என்பது உடுப்பில்லை, இன்னொரு தோல். அப்பா கலியாணத்துக்கும் போட்டார், பிளேன் ஏறும்போதும் போட்டார், இன்றைக்கும் மெல்பேர்ன் குளிரில் ஜம்பருக்குக் கீழே அதுதான். நீ பிறந்த நாளிலிருந்து உன் உடம்போடு ஒட்ட நான் கொட்டனைத் தவிர வேறொன்றும் போட்டதில்லை. மன்னார் வெயிலில் பிறந்தவர்கள் நாங்கள். வேர்வையை உறிஞ்சுகிற துணிதான் நல்ல துணி என்று தெரியும். உறிஞ்சிய வேர்வை பிறகு எங்கே போகும் என்று அங்கே யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதை வெயில் பார்த்துக்கொண்டது.

அதைவிடப் பெரிய திமிர் ஒன்று எனக்கிருந்தது. குளிரைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்தேன். உறைந்த மீனும் பட்டாணியும் அடுக்கிவைக்கிற களஞ்சியத்தில் இத்தனை வருடமாக வேலை செய்கிறவள் அல்லவா? உள்ளே போனால் மூக்குக்குள் விறைக்கும், கண்ணிமை ஒட்டும். தடித்த ஜக்கெற்றைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு போனால் ஒன்றும் செய்யாது. ஆகவே, பழகிப் பார்ப்பதற்கு டொனா புவாங் மலையில் ஏறப்போகிறேன் என்று போன மாதம் நீ சொன்னதும், நானும் வருகிறேன் என்று வெளிக்கிட்டேன். உன்னுடைய நாலு சட்டைக் கணக்குச் சரியா பிழையா என்று என் கண்ணால் பார்க்கவேண்டும். பிழை என்றால் அங்கேயே வைத்து உன்னை மறிக்கலாம் என்பதும் மனதில் இருந்தது, மறைப்பானேன்.

காரை விட்டு இறங்கியதுமே வேலைத்தலத்து ஜக்கெற்றைப் போட்டு, சிப்பைத் தாடைவரை இழுத்து, தொப்பியையும் மாட்டிக்கொண்டேன். உள்ளே அப்பாவின் கொட்டன் பெனியன் ஒன்று. நீ மெல்லிய கம்பளிச் சட்டையோடு கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாய்.

"டேய், ஜக்கெற்றைப் போடு. கூதல் பிடிக்கப்போகுது."

"இல்லை அம்மா. வெளிக்கிடேக்கை கொஞ்சம் குளிரத்தான் வேணும். நடக்கச் சூடாகிடும். நீங்களும் அதைக் கழட்டுங்கோ. வேர்த்தால் பிறகு கஷ்டம்."

"நீ எனக்குக் குளிரைப் பற்றிச் சொல்லித் தாறியோ? நான் மைனஸ் இருபதுக்கை நிண்டு வேலை செய்யிறனான்."

நீ சிரித்துவிட்டு முன்னால் நடந்தாய். ஏற்றம் என்றால் அப்படி ஓர் ஏற்றம். கொஞ்ச நேரத்தில் என் முதுகில் ஆறு ஓடத் தொடங்கியது. நீ அடிக்கடி திரும்பி, "வேர்க்குதோ அம்மா?" என்று கேட்டாய். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். ஓம் என்றால் கழற்ற வேண்டும். கழற்றினால் நீ வென்றதாகிவிடும். இந்த வயதில் பெற்ற பிள்ளையோடு போட்டி, பார்! உச்சிக்கு வந்தபோது சூடு தாங்காமல் சிப்பை அடிவரை இழுத்துத் திறந்துவிட்டேன். காற்று அப்படியே உள்ளே வந்து ஈரப் பெனியனில் அடித்தது. முதலில் சுகமாக இருந்தது. அதுதான் அநியாயம், முதலில் சுகமாகவே இருந்தது.

வெண்புகையாய்ப் புகார் வந்து மலையை மூடியது. மழையுமில்லாமல் ஸ்னோவுமில்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஏதோ கொட்டத் தொடங்கியது. நின்ற உடனேயே, இன்னும் உடம்பில் சூடு இருக்கும்போதே, நீ இறகு ஜக்கெற்றைப் போட்டு அதன்மேல் மழை ஜக்கெற்றையும் போட்டுவிட்டாய். நான் ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்து மட்டன் றோல்ஸ் பொட்டலத்தைப் பிரித்தேன். பல்லு கிடுகிடுவென்று அடித்தது. பிளாஸ்க் மூடியைத் திருகினேன், விரல் பிடிக்கவில்லை. பிறகு நடுக்கம் குறைந்ததுபோல இருந்தது, ஒருவிதமான அலுப்பு வந்தது. அந்த மரத்திலேயே கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தால் போதும் என்று தோன்றியது. நீ ஏதோ கேட்டாய். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"எனக்குக் குளிரேல்லை. சும்மா என்னை விடு," என்றேன். அப்படித்தான் சொன்னேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லெல்லாம் வழுக்கி, குடிகாரர் கதைப்பதுபோல வந்தது என்று காருக்குள் வைத்து நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீ என்னை விடவில்லை. "அம்மா, எழும்புங்கோ. இப்ப எழும்புங்கோ," என்று அதட்டினாய். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை அதட்டினாய், ராசா. மழை ஜக்கெற்றைக் கழற்றி விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, "உள்ளுக்கு இருக்கிறதைக் கழட்டுங்கோ" என்றாய். எனக்குக் கை வரவில்லை. அப்புறம் நீயே கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெனியனை என் தலைக்கு மேலால் உரித்தெடுத்தாய். வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. பையிலிருந்த உன்னுடைய காய்ந்த கம்பளிச் சட்டையை மாட்டி, உன் இறகு ஜக்கெற்றையும் எனக்குப் போட்டு, இனிப்புத் தேநீரை வாயில் வைத்துப் பருக்கிவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாய். பாதிவழியில்தான் எனக்கு மறுபடியும் நடுங்கத் தொடங்கியது. நீ அதைப் பார்த்து "அப்பாடா" என்றாய். நடுங்கினால் நல்லதாம். வீட்டில் அப்பா எப்படி என்று கேட்டபோது, "வடிவான இடம்" என்று சொல்லிவிட்டு நேரே போய்க் குளித்தேன்.

உன் கணக்குச் சரிதான் என்று அன்றைக்கு விளங்கிவிட்டது. உன்னை மறிக்க வந்தவள் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆனால் என் பயம் குறையவில்லை, தம்பி, அது இடம் மாறிப் போய் உட்கார்ந்தது. முன்பு உன் உடுப்பைப் பற்றிப் பயந்தேன். இப்போது அந்த மரத்தைப் பற்றிப் பயப்படுகிறேன். குளிர் எனக்குள் இறங்கியது எனக்குத் தெரியவில்லை. குளிரில்லை என்று சத்தியமாக நம்பிக்கொண்டு இருந்தேன். நீ அங்கே நின்றபடியால் நான் இன்றைக்கு இருந்து எழுதுகிறேன். உனக்கு அப்படி வந்தால் உன்னை அதட்டுவதற்கு யார் நிற்பார்கள்? எங்கள் களஞ்சியத்தில் உறைகுளிர் அறைக்குள் ஒருவரும் தனியே போகக்கூடாது. வெளிச்சமும் கதவும் இருக்கிற அறை, கதவுக்கு வெளியே சுடுதண்ணீர் இருக்கிற அறை, அதற்குள்ளேயே இரண்டு பேராகத்தான் போகவேண்டும், ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மலைக்குக் கதவும் இல்லை, உன் முகத்தைப் பார்க்க ஆளும் இல்லை.

அதனால் சொல்கிறேன், குளிர்கிறதா என்று உன் உடம்பைக் கேட்காதே. அது பொய் சொல்லும். நின்றால் ஜக்கெற், வெயில் எறித்தாலும் ஜக்கெற். வேர்க்கப்போகிறது என்று தோன்றும்போதே ஒன்றைக் கழற்று, என்னைப்போல ரோசம் பார்க்காதே. விரல் சொல்வழி கேட்காவிட்டால், எரிச்சல் வந்தால், ஓரிடத்தில் சும்மா இருக்க ஆசையாக இருந்தால், அந்த நிமிடமே கூடாரத்தைப் போட்டுக் காய்ந்த உடுப்புக்குள் புகுந்துவிடு. மத்தியானமாக இருந்தாலும் பரவாயில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததையே சொல்வதற்குத்தான் தாய்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் செமிக்கவில்லை. காலையில் எழும்பியதும் காய்ந்த உடுப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, நேற்றைய ஈரச் சட்டையையும் ஈரக் காலுறையையும் திருப்பிப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்றாய். காய்ந்ததைப் போட்டு நடந்தால் அதுவும் நனைந்துவிடும், பிறகு இரவுக்கு ஒன்றும் இல்லை. நியாயம் விளங்குகிறது. ஆனால் ஈரத்தோடு நிற்காதே, ஈரத்தோடு நிற்காதே என்று உன்னைத் துவாயோடு துரத்தித் துரத்தி வளர்த்தவள் நான். ஏன் என்று நீ கேட்டதில்லை. சண்டையில் இடம்பெயர்ந்து மடுப் பக்கம் நடந்தபோது மூன்று நாளாய் மழை. மாற்ற உடுப்பில்லை. என் தம்பிக்குக் காய்ச்சல் பிடித்து, நெஞ்சுச் சளியாகி, அவனை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு மேலே நடந்தோம். உன்னை நான் தம்பி என்று கூப்பிடும்போது சிலவேளை அவனையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறேன். நாங்கள் நடந்தது போக வேறு வழியில்லாமல். நீ ஆசைக்கு நடக்கிறாய். அது எனக்கு விளங்கவில்லை என்று கோபப்பட்டிருக்கிறேன். பிறகு யோசித்தால், ஆசைக்கு நடக்கிற பிள்ளை ஒன்று எங்கள் குடும்பத்திலும் வந்துவிட்டதே என்று ஒரு சந்தோசமும் வருகிறது. சந்தோசம் கொஞ்ச நேரம் நிற்கிறது, பிறகு பயம் வந்து அதைத் தள்ளிவிட்டு உட்காருகிறது.

இவ்வளவும் எழுதிவிட்டேன், எழுத வந்ததை இன்னும் எழுதவில்லை.

நீ சின்ன வயதில் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கான சோதனை எழுதப் போனாய், நினைவிருக்கிறதா? உடம்பு அனலாய்க் கொதித்தது. நடுவில் வெளியே வந்து சத்தி எடுத்தாய். அங்கே நின்ற ஆசிரியை, "வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா?" என்று கேட்டார். நான் உன் வாயைத் துடைத்துவிட்டு, "பாதியிலை விடக்கூடாது. போய் முடிச்சிட்டு வா," என்றேன். நீ போய் முடித்துவிட்டு வந்தாய். அந்தக் கதையை நான் சொல்லாத பிறந்தநாள் வீடு இல்லை. காய்ச்சலோடு எழுதி முடித்தவன் என் பிள்ளை என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! பியானோ, நீச்சல், கணக்கு வகுப்பு, ஒன்றையும் நீ பாதியில் விட்டதில்லை. விடவிட்டால்தானே. எல்லாரும் உன்னை மெச்சினார்கள், நான் மனம் குளிர்ந்துபோனேன். இப்போது அந்தக் கதையை நினைத்தால் பெருமை வரவில்லை. காய்ச்சல் என்று தெரிந்தும் திரும்பி உள்ளே போகிற பிள்ளையை நான்தான் செய்தேன். அந்தப் பிள்ளைதான் இப்போது தனியே மலைக்குப் போகிறான்.

உன்னிடம் ஒரு செம்மஞ்சள் கருவி இருக்கிறது. ஒவ்வொரு பின்னேரமும் அதில் பொத்தானை அமத்துவாய், போன் எடுபடாத மலையிலிருந்தும் ஓகே என்று எங்களுக்குச் செய்தி வரும் என்று அப்பாவுக்குக் காட்டித் தந்தாய். அப்பாவுக்கு அது பெரிய ஆறுதல். எனக்கு உன்னுடைய ஓகேயைத் தெரியும். முன்பொரு நாள் கை முறிந்து தொங்கிக்கொண்டிருந்தபோதும் நீ ஓகே என்றுதான் சொன்னாய்.

போன ஞாயிறு மாதா கோயில் பூசை முடிய றீற்றா அன்ரி வந்து என் கையைப் பிடித்தா. நீ மலைக்குப் போவது அவவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, என் வாய்தான். "தம்பி முழுக்க நடந்து முடிச்சிட்டு வரேக்கை கோயிலிலை ஒரு பாராட்டு வைப்பம்," என்றா. சுற்றி நின்றவர்களெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அந்த முகங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். நீ ஏதோ ஒரு சரிவில், ஈரச் சட்டையோடு, விரல் மடங்காமல் நிற்கும்போது, இந்த முகங்களெல்லாம் உன் கண்ணுக்குள் வரும். என் முகம் முதலில் வரும். முடித்துவிட்டு வா என்று சொல்லும்.

"பாராட்டு ஒண்டும் வேண்டாம் அன்ரி," என்றேன். "அவன் ஏலுமான மட்டும் நடப்பான். ஏலாட்டித் திரும்பி வருவான்."

"சீ, அவனோ? அவன் பாதியிலை விடுற பிள்ளையே!" என்று அவ சிரித்தா. நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. எனக்கு அங்கேயே கத்தி அழ வேண்டும்போல இருந்தது.

ஆகவே, இத்தனை வருடம் உனக்குச் சொல்லித் தந்ததற்கு மாறாக ஒன்றைக் கேட்கிறேன். கேட்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது, கேட்கிறேன். பாதியில் விட்டுவிட்டு வா, தம்பி. கால் பங்கில் விட்டுவிட்டு வா. முதல் நாள் முதல் மேட்டில் வானம் கறுத்தால் அதோடு விட்டுவிட்டு வா. எந்த றோட்டுக்கு இறங்கி எந்த நேரம் கூப்பிட்டாலும் அப்பாவும் நானும் காரோடு வருவோம். ஏன் என்று கேட்கமாட்டோம். காருக்குள் ஹீற்றர் போட்டு வைத்திருப்போம். அடுத்த ஞாயிறே உன்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். நடக்கத் தெரியாமல் இல்லை, முடிக்காமல் திரும்பி வந்தவன் என் பிள்ளை என்று ஒவ்வொருவராய்ப் பிடித்துச் சொல்லிப் பெருமைப்படுவேன். எனக்குச் சலிக்கும்வரை சொல்வேன். அந்தக் கதையைச் சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பம் தா, ராசா.

அம்மா